கை தட்டினால் திரும்பும் பிள்ளை

அத்தியாயம் 11

சனிக்கிழமை காலை பத்தரை மணிக்கு, அந்தமானில், போர்ட் பிளேர் ஷாதிபூர் வீட்டின் முன்னறையில் இருந்தவர்கள்:

அருள்நாதன். வீட்டுத் தலைவர், ஐஸ் கம்பெனி முதலாளி. ஜன்னலோர நாற்காலி அவருடையது. அவர் வெளியூர் போயிருந்தாலும் அதில் யாரும் உட்காருவதில்லை.

சிசிலியா. அவருடைய மூத்த மகள். ஒரு பள்ளிக்கூட ஆபீஸில் கிளார்க். கல்யாணமாகி நாலு தெரு தள்ளிப் போனவள். போனதற்கு அடையாளமே இல்லாமல் தினமும் காலையில் இங்கே வந்துவிடுவாள்.

டேவிட். மகன். தீவுகளுக்கு நடுவே ஓடும் கப்பலில் இன்ஜின் ரூம் வேலை. முப்பத்து நாலு வயதாகியும் அப்பா முன்னால் கால்மேல் கால் போட்டதில்லை. இதை அவனே பெருமையாகச் சொல்லிக்கொள்வான்.

பக்தவத்சலம். சென்னையிலிருந்து வந்திருந்த பேச்சுப் பயிற்சி நிபுணர். கழுத்தில் டை. போர்ட் பிளேர் புழுக்கத்தில் டை கட்டுகிறவர்கள் இரண்டே வகை. ஒன்று ஓட்டல் வாசலில் நிற்பவர்கள், இன்னொன்று எதையாவது விற்க வந்தவர்கள்.

கேத்தரின். டேவிட்டின் மகள், நாலு வயது. கூட்டமே அவளைப் பற்றித்தான். தரையில் உட்கார்ந்து டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். டிவி ஓடவில்லை.

பிரவீனா. கேத்தரினைப் பெற்றவள். மிச்ச நாற்காலி இல்லாததால் சமையலறை வாசலில், கையில் கேசரித் தட்டோடு நின்றாள்.

கேசரி எதற்கென்றால், அருள்நாதன் ஐஸ் கம்பெனிக்கு ஆள் எடுக்கிற முறை அது. வீட்டுக்கு வரச் சொல்வார். சொந்த ஊர் கேட்பார், தகப்பன் பெயர் கேட்பார், தின்னக் கொடுத்துத் தின்கிற விதத்தைப் பார்ப்பார். அப்படித் தேறிய ஒருவன்தான் போன வருடம் கம்ப்ரஸரை எரித்தான். முறை மாறவில்லை. பேச்சு வராத பேத்திக்குப் பயிற்சியாளர் எடுக்கும்போதும் அதேதான்.

போன வாரம் ஏர்போர்ட் பக்கம் லம்பா லைனில் இருக்கும் நளினி என்கிற பயிற்சியாளரை இப்படித்தான் கூப்பிட்டார். அவள் வர மறுத்துவிட்டாள். "புள்ளைய இங்க கூட்டிட்டு வாங்க. பாக்க வேண்டியது புள்ளைய தானே, என்னய இல்லையே?" என்று போனிலேயே சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து இந்த வீட்டில் அவளுக்குப் பெயர் கிடையாது. 'கட்சால் தோட்டத்துக்காரி' என்றுதான் சொல்வார்கள். சிலோனிலிருந்து அனுப்பப்பட்டு, கட்சால் தீவில் ரப்பர் பால் வெட்டி, சுனாமியில் பாதிப் பேரைப் பறிகொடுத்த குடும்பம். அதில் ஒருத்தி படித்துப் பட்டம் வாங்கி, அருள்நாதனுக்கு 'வர முடியாது' என்று சொன்னால் பொறுக்குமா?

பக்தவத்சலம் மறுக்கவில்லை. கூப்பிட்டதும் வந்தார். இரண்டாம் தடவை கேசரி கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அதிலேயே பாதி தேறிவிட்டார். மீதியை டை பார்த்துக்கொண்டது. மெயின்லேண்டிலிருந்து வருகிற எதையும், சிமென்ட் மூட்டையிலிருந்து சம்பந்தி வரை, இந்த வீட்டில் கண்ணை மூடிக்கொண்டு இறக்குவார்கள்.

"வீட்ல குழந்தைகிட்ட என்ன லாங்குவேஜ் பேசறீங்க?" என்று பக்தவத்சலம் கேட்டார்.

"இந்தி மட்டும்தான் சார்," என்றாள் சிசிலியா. "எட்டு மாசமா. வீட்டுல தமிழு, தெருவுல இந்தி, ஸ்கூல்ல இங்கிலீஷ்னா பிள்ள கொழம்பிரும்லா? நான்தான் ஒரே பாஷையா மாத்தச் சொன்னேன்."

"எக்ஸலன்ட்! இதைத்தான் நான் எல்லா பேரன்ட்ஸ்கிட்டயும் தலைபாடா அடிச்சிக்கறேன்."

சிசிலியாவின் முகத்தில் ஞானஸ்நானம் எடுத்த பிரகாசம்.

பிரவீனா கேசரித் தட்டைப் பார்த்தாள். அவள் கல்யாணமாகி மணப்பாட்டிலிருந்து வந்தவள். அவளிடம் இருந்தது மார்க்கெட் இந்தி. 'ஆவோ', 'காவோ', 'சுப்', 'நஹி', 'ஜல்தி'. நாற்பது வார்த்தை இருந்தால் அதிகம். எட்டு மாதமாகப் பெற்ற பிள்ளையிடம் அந்த நாற்பதைத்தான் பேசினாள். வா, தின்னு, சும்மா இரு, வேண்டாம், சீக்கிரம். மாட்டுக்குக்கூட இதைவிடக் கூடுதலாகச் சொல்வார்கள். அதற்கு முன்னால் கேத்தரினிடம் ஆறு சொல் இருந்தது. இப்போது ஒன்றும் இல்லை.

"காது எப்படி சார்?" என்று டேவிட் கேட்டான். கேட்டுவிட்டு அப்பாவைப் பார்த்தான்.

"எங்க வம்சத்துல செவிடு கிடையாதுல," என்றார் அருள்நாதன்.

"அதையும் பாத்துடலாம்." பக்தவத்சலம் எழுந்து குழந்தையின் பின்னால் போய் நின்றார். எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். அவர் கைகளை விரித்து, 'பட்' என்று தட்டினார்.

கேத்தரின் திரும்பிப் பார்த்தாள்.

"ஹியரிங் பெர்ஃபெக்ட்!"

வாசலிலிருந்து பிரவீனா வேறொன்றைப் பார்த்தாள். ஓடாத டிவியின் கறுப்புக் கண்ணாடியில் பக்தவத்சலத்தின் வெள்ளைச் சட்டை பளிச்சென்று தெரிந்தது. கை விரிந்ததும் தெரிந்தது. பிள்ளை அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். கைகள் ஒன்றோடொன்று படுவதற்கு முன்பே அவள் தலை திரும்பிவிட்டது.

"மாமா," என்றாள். "டிவில தெரிஞ்சிச்சி. அதப் பாத்துதான் திரும்புனா. சத்தம் வர்றதுக்கு முன்னாலயே."

பக்தவத்சலம் சிரித்தார். விலை பேசும்போது கடைக்காரர் சிரிக்கிற சிரிப்பு.

"மதர்ஸ் எல்லாருக்குமே இந்த டென்ஷன் இருக்கும் மேடம். உண்மையைச் சொல்லட்டுமா? பல கேஸ்ல பிரச்சனையே மதர்தான். குழந்தை கேக்கறதுக்கு முன்னாடியே எல்லாத்தையும் குடுத்துடுவாங்க. குழந்தைக்குப் பேச வேண்டிய அவசியமே வராது."

"அது என்னமோ கரெக்ட்டு," என்றாள் சிசிலியா.

அதன் பிறகுதான் அவர் பையிலிருந்து வழவழப்பான காகிதத்தை எடுத்தார். சென்னைக்குப் பக்கத்தில் அவருடைய தங்கும் முகாம். தொண்ணூறு நாள். குழந்தை மட்டும். முதல் நாற்பத்தைந்து நாள் தாய் தகப்பன் பார்க்கக் கூடாது, போனிலும் பேசக் கூடாது. திங்கட்கிழமை காலை விமானத்தில் அவரே அழைத்துப் போவார். திரும்பி வரும்போது பிள்ளை பேசும்.

பேசாத பிள்ளை, அங்கே தனக்கு என்ன நடந்தது என்று யாரிடம் சொல்லும்? இந்தக் கேள்வி அந்த அறையில் ஒருவர் வாயிலும் வரவில்லை. பிரவீனா வாயைத் திறந்தாள். அருள்நாதன் கையைக் காட்டினார். வாயை மூடச் சொல்லும் கை.

"மைனாவும் கிளியும் பேசுது. என் பேத்தி பேசாதா? ஏல டேவிட், கையெழுத்துப் போடு."

டேவிட் போட்டான். பேனாவை மூடிக்கூட வைத்தான்.

"அம்மா கையெழுத்தும் வேணும்," என்றார் பக்தவத்சலம். "சாயங்காலம் ஓட்டலுக்குக் குடுத்தனுப்புங்க, போதும்."

பிரவீனா காலித் தட்டுகளை எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போனாள். குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்துக்குள் நின்று லம்பா லைன் நம்பருக்குப் போன் போட்டாள். டிவி விஷயத்தைச் சொன்னாள்.

"காது டெஸ்ட் ஒரு தரம்கூட எடுக்கலியா?" என்றாள் எதிர்முனையில் நளினி.

"இல்ல."

"நாலு வயசு வரைக்கும்?"

"இல்ல."

"நல்ல குடும்பம்." நளினி மரியாதைக்குக்கூடக் குரலை மாற்றவில்லை. "இன்னிக்கே வாங்க. மூணு இருபதுக்கு ஒரு பிளேன் கிளம்பும். அடுத்தது நாலு பத்துக்கு எறங்கும். நடுவுல வந்தாத்தான் எடுக்க முடியும். ஏர்போர்ட் தலைக்கு மேல தானே இருக்கு, பிளேன் போறப்ப அந்த ரூமே ஆடும். லேட்டாக்காதீங்க. ராத்திரி கரண்ட் நிக்கிதோ போகுதோ, நாளைக்கு ஞாயித்துக்கிழமை, நீங்க கோயிலுக்குப் போயிருவீங்க. அப்புறம் திங்கக்கிழமை."

மூன்று மணிக்கு வீடே உறங்கியது. சனிக்கிழமை மீன் குழம்புக்குப் பிறகு அருள்நாதனின் குறட்டை தெருமுனை வரை கேட்கும். சிசிலியா மட்டும் கட்டிலில் சாய்ந்து போனைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"எங்க கிளம்பிட்ட?"

"பிள்ளைக்கு ரெண்டு உடுப்பு எடுக்கணும் மைனி. மெயின்லேண்ட் போறால்லா."

சிசிலியா தலையணையிலிருந்து தலையைத் தூக்கினாள். தம்பி பெண்டாட்டிக்குக் கடைசியில் புத்தி வந்துவிட்டது என்கிற திருப்தி. "நல்லதா எடு. கை வச்ச சட்டையா எடு. அங்க ஏசி இருக்குமாம்."

புத்திசாலி என்று பெயர் எடுத்தவளை ஏமாற்ற எவ்வளவு சின்னப் பொய் போதுமானதாக இருக்கிறது! பிரவீனா ஆட்டோ பிடித்தாள்.

நளினியின் இடம் ஒரு வீட்டின் கீழ்த்தளம். போர்டுகூடச் சின்னதுதான். வரவேற்பறையில் நாலு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு மேசை. உள்ளே, கண்ணாடி ஜன்னல் வைத்த இன்னொரு அறை. அதன் கதவு ஒரு சாண் தடிமன், உட்பக்கம் முழுக்கப் பஞ்சு வைத்துத் தைத்திருந்தது. நளினிக்கு நாற்பது வயதிருக்கும். நைந்த காட்டன் சுடிதார். வாங்க என்றுகூடச் சொல்லவில்லை. தரையில் கேத்தரின் எதிரே உட்கார்ந்து, பொம்மை ஆட்டோ, கரண்டி, கப், செருப்பு நாலையும் வரிசையாக வைத்தாள்.

"கரண்டி குடு."

கேத்தரின் அவள் வாயைப் பார்த்தாள். கரண்டியை எடுத்துக் கொடுத்தாள்.

"செருப்பு குடு."

கொடுத்தாள்.

பிரவீனா மலர்ந்துபோனாள். "கேக்குது பாருங்க! தமிழு மறக்கல!"

நளினி ஒரு பரீட்சை அட்டையை எடுத்துத் தன் வாய்க்கு முன்னால் பிடித்தாள். அதே குரலில், "ஆட்டோ குடு," என்றாள்.

கேத்தரின் அட்டையைப் பார்த்தாள். நளினியின் கண்ணைப் பார்த்தாள். அட்டையின் பக்கவாட்டில் தலையைச் சாய்த்து எட்டிப் பார்த்தாள். பிறகு, எதற்கும் இருக்கட்டும் என்பதுபோல், கப்பை எடுத்து நீட்டினாள்.

பிரவீனாவின் மலர்ந்த முகம் அப்படியே நின்றது.

"இப்ப நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்," என்றாள் நளினி. "உள்ள மெஷின் இருக்கு, அது சொல்லட்டும். அதுக்கு முன்னால புள்ள பயமில்லாம இருக்கணும். பேசுங்க அவகிட்ட."

"இந்தியிலயா?"

நளினி அவளைப் பார்த்த பார்வையில் அந்தக் குடும்பம் மொத்தத்துக்கும் திட்டு இருந்தது. "உங்க அம்மா உங்கள எதுல ஏசினாங்களோ அதுல. மூணு பாஷை கேட்டு எந்தப் புள்ளையும் ஊமையானதில்ல. கட்சால்ல நாங்க தமிழு, இந்தி, நிக்கோபாரி மூணும் பேசித்தான் சண்ட போட்டோம். எட்டு மாசமா தாய் வாய்க்குப் பூட்டுப் போட்டிருக்காங்க, அதுக்குப் பேரு வைத்தியமா?"

பிரவீனா மகளின் முன்னால் உட்கார்ந்தாள். வாயைத் திறந்தால் ஒன்றும் வரவில்லை. எட்டு மாதம். எதில் தொடங்குவது?

"எனக்கு என்ன பேசுறதுன்னு தெரியல."

"மனசுல என்ன இருக்கோ அதப் பேசுங்க. நேரம் போகுது."

மனதில் இருந்தது வந்தது.

"ஏட்டி கேத்தி, கேளு. ஒங்க தாத்தா இருக்காருல்லா, மீனுக்கு ஐஸ் போடுறவரு, மனுசனுக்கும் ஐஸ் போட்டு வச்சாத்தான் குடும்பம் கெடாதுன்னு நெனைக்காரு. வம்சமாம் வம்சம்! அவருக்கே இடது காது கேக்காது. பூசையில சாமியாரு சொல்றதுக்கு எல்லாம் ஒரு வரி பிந்தி ஆமென் சொல்வாரு. ஒங்க அத்த இருக்காளே, போன்ல ரெண்டு பக்கம் படிச்சிட்டு ஊருக்கே டாக்டரு. அவ புருசன் வாயத் தொறந்து நாலு வருசம் ஆச்சி, மொதல்ல அவர முகாம்ல சேக்கச் சொல்லு. அந்த டை கட்டுன ஆளு, அவன் திங்கிற தீனிக்கு நாக்குக்குப் பயிற்சி அவனுக்குத்தான் வேணும்..."

கேத்தரின் அம்மாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த வாய் இவ்வளவு வேகமாக அசைந்து அவள் பார்த்து வெகுநாளாயிற்று. அம்மாவின் உதட்டில் ஒரு விரலை வைத்துத் தொட்டாள். பிறகு சத்தமாகச் சிரித்தாள். வார்த்தை இல்லை, வெறும் சிரிப்புத்தான்.

பிரவீனாவுக்கு வேகம் கூடியது. "ஒங்க அப்பன் ஒருத்தன். கப்பல்ல ஆளு உயரத்துக்கு இன்ஜின ஓட்டுவான். வீட்டுல பொண்டாட்டிக்கு ஒரு நாற்காலி இழுத்துப் போடத் தெம்பு கெடையாது. கையெழுத்துப் போட்டுட்டு பேனா மூடிய வேற பத்திரமா மாட்டுறான், பேனா காஞ்சிருமாம்!"

வாசலில் யாரோ செருமினார்கள்.

டேவிட். கையில் ஹெல்மெட். எவ்வளவு நேரமாக நிற்கிறான் என்று தெரியவில்லை. முகம் சிவந்திருந்ததால் போதுமான நேரம் நின்றிருக்க வேண்டும்.

மனைவி தன்னை ஏசியதைப் பற்றி அவன் கேட்டிருக்கலாம். பிள்ளை ஏன் சிரிக்கிறாள் என்று கேட்டிருக்கலாம். பொய் சொல்லிவிட்டு ஏன் வந்தாய் என்றாவது கேட்டிருக்கலாம். அவன் கேட்டது இது:

"பிள்ளைகிட்ட இந்திதான பேசணும்னு அக்கா சொல்லிருக்கு?"

நளினி தலையைக் குனிந்துகொண்டு பொம்மைகளைக் கூடையில் போட்டாள்.

"எப்படி வந்தீங்க?" என்றாள் பிரவீனா.

"ஆட்டோக்காரன் நம்ம ஐஸ் கம்பெனி ஐயாவு மகன். கடைக்குப் போகலன்னு அவந்தான் போன் பண்ணிச் சொன்னான். அப்பா கூட்டிட்டு வரச் சொன்னாரு." டேவிட் ஹெல்மெட்டை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினான். "எதுக்கு இதெல்லாம்? டிக்கெட் எடுத்தாச்சு. திங்கக்கிழம ஏழரை பிளேன்."

"நான் கையெழுத்துப் போடலியே."

"அத அக்காவே போட்டுட்டா."

"என்னது?"

"உன் கையெழுத்து. அக்கா அழகாப் போடுவா. ஆபீஸ்ல ஹெட்மாஸ்டர் கையெழுத்தே போடுறவ." நல்ல செய்தி சொல்கிற குரலில் சொன்னான். "நீ வரத் தாமசமாகும்னு ஓட்டலுக்குக் குடுத்தும் அனுப்பியாச்சு."

பிரவீனாவுக்குக் கோபம் வரவில்லை. கோபப்படுவதற்கும் எதிரே ஒரு ஆள் இருக்க வேண்டும்.

நளினி எழுந்தாள். மணி மூன்று நாற்பத்திரண்டு. "சார், நீங்களும் உள்ள வாங்க. நீங்க வாறது நல்லது."

"நான் எதுக்கு?"

"புள்ளைக்குச் சத்தம் கேட்டா கட்டைய டப்பாவுல போடும். கேக்காட்டி சும்மா உக்காந்திருக்கும். நீங்க கண்ணால பாக்கணும். அம்மா மட்டும் பாத்துட்டு வந்து சொன்னா உங்க வீட்டுல நம்புவாங்களா?"

டேவிட் யோசித்தான். நம்ப மாட்டார்கள் என்று அவனுக்குத் தெரியும். அதைவிடப் பயமான ஒன்றும் அவனுக்குப் புரிந்தது: அவன் பார்த்துவிட்டால் அவன்தான் சொல்ல வேண்டியிருக்கும். ஜன்னலோர நாற்காலிக்கு எதிரே நின்று, வாயைத் திறந்து.

பிரவீனா அவனையே பார்த்தாள். "ஏங்க. உள்ள வாங்க. இருபது நிமிசம். காது நல்லா இருந்திச்சின்னா திங்கக்கிழம நானே பிளேன்ல ஏத்திவிடுதேன். கேக்கலன்னா, கேக்காத பிள்ளைய அந்த ஆளுகிட்ட தொண்ணூறு நாளு விட்டுட்டு நீங்க எப்படி உறங்குவீங்க?"

அவன் கண் கேத்தரின் பக்கம் போனது. அவள் அவன் ஹெல்மெட்டின் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்து நாக்கை நீட்டிக்கொண்டிருந்தாள். அவன் ஹெல்மெட்டை மேசையில் வைத்தான். செருப்பைக் கழற்றினான். தடித்த கதவைத் தாண்டி உள்ளே காலை வைத்தான். அவன் உள்ளே வந்து நின்றதைப் பிரவீனா நம்பாமல்தான் பார்த்தாள்.

நளினி கேத்தரினைக் குட்டி நாற்காலியில் உட்காரவைத்து, தலையில் ஹெட்போனை மாட்டினாள். முன்னால் டப்பா வைத்து, எப்படிப் போடுவது என்று காட்டிவிட்டு, கையில் ஒரு மரக்கட்டையைக் கொடுத்தாள். "பிரவீனா, நீங்க புள்ளைக்குப் பின்னால. முகத்துல ஒண்ணும் காட்டாதீங்க. சார், நீங்க அந்த மூலையில."

டேவிட்டின் சட்டைப் பையில் போன் அதிர்ந்தது.

"ஆஃப் பண்ணுங்க," என்றாள் நளினி.

அவன் எடுத்துப் பார்த்தான். "அப்பா."

"ஆஃப் பண்ணுங்க சார்."

"ஒரு நிமிசம். எடுக்கலன்னா கோவப்படுவாரு. ஒரே நிமிசம்." அவன் அதற்குள் கதவைத் தாண்டிவிட்டான். வெறுங்காலோடு வாசல் வரை போனான். கண்ணாடி ஜன்னல் வழியே தெரிந்தது, ஸ்கூட்டர் பக்கத்தில் நின்று, போனைக் காதில் வைத்து, யாரும் எதிரே இல்லாதபோதும் குனிந்து தலையை ஆட்டிக்கொண்டிருந்தான். சரிப்பா. சரிப்பா. சத்தம் கேட்கவில்லை. வாயசைப்பே போதுமாக இருந்தது.

ஒரு நிமிடம் போனது. இரண்டாவதும் போனது. கேத்தரின் கட்டையை டப்பாவின் மேல் பிடித்தபடி காத்திருந்தாள். மணி மூன்று நாற்பத்தெட்டு.

"சார் வரட்டும்னு பாப்பமா?" என்றாள் நளினி. "அவர் இல்லாம எடுத்தா உங்க பேச்சு மட்டும்தான் மிஞ்சும். யோசிச்சுச் சொல்லுங்க."

பிரவீனா இன்னொரு தடவை ஜன்னல் பக்கம் பார்க்கவில்லை.

"பூட்டுங்க," என்றாள்.

நளினி தோளைக் கொடுத்துத் தடித்த கதவைத் தள்ளினாள். இரும்புப் பிடி கீழே இறங்கியது. சாவியை ஒரு தடவை திருப்பினாள்.